வாயில் போட்ட சோறு உடம்பில் சேர்வது எப்படி?

உண்ட உணவைப் பொடிப்பொடியாக உடைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை வெளியே தள்ளும் வேலைக்குச் செரிமானம் என்று பெயர். இதற்காகவே வாயில் தொடங்கி மலவாயில் முடியும் நீண்ட குழாய் ஒன்று மனித உடம்பில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் ஏறத்தாழ 8 முதல் 9 மீட்டர். ஓர் ஆள் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு. மடிந்தும் சுருண்டும் கிடப்பதால் அவ்வளவு நீளமும் வயிற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தக் குழாயைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குழாய்க்குள் கிடக்கும் உணவு இன்னும் உடம்பில் சேரவில்லை. குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்ட புளியங்கொட்டை ஓரிரு நாளில் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. அது வாய் வழியாகப் போய்க் குடல் முழுவதும் சுற்றி வந்தாலும் உடம்பு அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உணவு உடம்பில் சேர வேண்டுமானால் குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலக்க வேண்டும். சோற்றுப் பருக்கையாலும் முட்டைத் துண்டாலும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மூலக்கூறுகளாக உடைந்தால்தான் வழி கிடைக்கும். வாய் முதல் குடல் வரை நடக்கும் அத்தனை வேலையும் அந்தச் சுவரைத் தாண்டுவதற்காகத்தான்.

தட்டில் இருக்கும் நான்கு

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் வளரும் ஒரு குழந்தைக்குச் செரிமானப் பாடம் முழுவதையும் சுற்றுவட்டாரத்து உணவைக் காட்டியே சொல்லிவிடலாம். மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஓடும் கொள்ளிடத்தின் கரைப் பகுதிகளில் நெல் விளைகிறது. மேட்டு நிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் விளைகிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது.

அந்தச் சத்துணவுத் திட்டத்தை 1982ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சிராப்பள்ளி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். அப்போது அரியலூர் வட்டாரமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் இருந்தது. 2010ஆம் ஆண்டு முதல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை தரப்படுகிறது.

சோறு, முட்டை, முந்திரி, மக்காச்சோளம் ஆகிய நான்கும் நான்கு வகைச் சத்துக்கு எடுத்துக்காட்டு. சோற்றில் மிகுதியாக இருப்பது மாவுச்சத்து. முட்டையில் புரதம். முந்திரியில் கொழுப்பு, அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்புதான். மக்காச்சோளத்திலும் மாவுச்சத்து உண்டு என்றாலும், மணியை மூடியிருக்கும் தோல் முழுக்க நார்ச்சத்து. இந்த நான்கும் ஒரே வாயில் நுழைந்தாலும் குழாய்க்குள் ஒவ்வொன்றின் கதையும் வேறு.

வாயில் தொடங்கும் வேலை

சோறு வாய்க்குள் போவதற்கு முன்பே செரிமானம் தொடங்கிவிடுகிறது. தாளிக்கும் வாசம் மூக்கில் ஏறியதும் நாக்கில் எச்சில் ஊறுவது அதன் அடையாளம். உணவு வரப்போகிறது என்று மூளை சொல்ல, உமிழ்நீர்ச் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. காதுக்கு முன்னால் ஒரு சோடி, தாடைக்கு அடியில் ஒரு சோடி, நாக்குக்கு அடியில் ஒரு சோடி என முக்கியமான சுரப்பிகள் மூன்று சோடி. ஒரு நாளில் இவை சுரக்கும் உமிழ்நீர் வளர்ந்தவர்களுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இருக்கும்.

பற்களின் வேலை அரைப்பது. குழந்தைக்குப் பால் பற்கள் 20. அவை விழுந்து முளைக்கும் நிலைப் பற்கள், பிற்காலத்துக் கடைவாய்ப் பற்களையும் சேர்த்து 32. முன்பற்கள் வெட்டுகின்றன, கோரைப் பற்கள் கிழிக்கின்றன, கடைவாய்ப் பற்கள் அரைக்கின்றன. ஆட்டுரலில் மாவு அரைபடும்போது கை தள்ளித் தள்ளிவிடுவதுபோல, நாக்கு உணவைப் பற்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

உமிழ்நீர் உணவை ஈரமாக்குவதோடு நிற்பதில்லை. அதில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. நொதி என்பது பெரிய மூலக்கூறை வெட்டும் சிறு கத்தரி என்று வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை. அமைலேஸ் அந்த மாலையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. இதை எந்தக் குழந்தையும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல மெல்ல இனிப்பு தட்டும். சர்க்கரை எங்கிருந்தும் வரவில்லை. சோற்றின் மாவுச்சத்தே வெட்டுப்பட்டு இனிப்பாக மாறுகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழியும் நன்றாக மெல்லத்தான் சொல்கிறது. வாயில் அரைபடாத உணவை அரைக்கக் குடலில் பற்கள் கிடையாது.

விழுங்குதல்

அரைபட்ட உணவு வழவழப்பான உருண்டையாகி நாக்கின் பின்புறம் போகிறது. அங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய். மற்றொன்று உணவுக்குழாய். விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்ப, குரல்வளை மூடி என்ற சிறு மடல் மூச்சு வழியின் மேல் கவிந்துகொள்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பார்த்தால் அந்த எழும்பலைத் தொட்டு உணரலாம்.

பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ சாப்பிடும்போது மூச்சு வழி திறந்திருக்கும் நேரத்தில் ஒரு பருக்கை உள்ளே நுழைந்தால் புரை ஏறும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிப் பெரியவர்கள் தலையில் தட்டுவார்கள். உண்மையில் அந்த இருமல், தவறான வழியில் போன பருக்கையை வெளியே தள்ள உடம்பு செய்யும் முயற்சி. சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, முழு முந்திரி போன்றவற்றைத் தரக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். உணவு அதில் தானாக விழுவதில்லை. சைக்கிள் டியூபுக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, பின்னால் அழுத்திக்கொண்டே வந்தால் பழம் முன்னால் நகரும். அதுபோலக் குழாயின் தசை உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அலை அலையாகத் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பயணம் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். இதே அலை இயக்கம்தான் கடைசிவரை உணவைத் தள்ளிச் செல்கிறது.

இரைப்பை

இரைப்பை என்பது விரிந்து சுருங்கும் தசைப்பை. வளர்ந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பிட்டால் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதன் உட்சுவர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. எலுமிச்சைச் சாற்றைக் காட்டிலும் கடுமையான புளிப்பு அது. வாந்தி எடுக்கும்போது தொண்டை எரிவது அந்த அமிலத்தால்தான். உணவோடு வந்த கிருமிகளில் பல இங்கே மடிகின்றன.

புரதத்தின் முறை இங்கே வருகிறது. முட்டையின் வெள்ளைக் கருவில் மிகுதியாக உள்ள புரதம், அமினோ அமிலம் எனப்படும் சிறு மூலக்கூறுகள் 385 கோத்துச் சுருண்ட சங்கிலி. வேகவைக்கும்போது அந்தச் சுருள் அவிழ்கிறது. இரைப்பையின் அமிலம் அதை மேலும் அவிழ்க்கிறது. பெப்சின் என்ற நொதி அதைப் பெருந்துண்டுகளாக வெட்டுகிறது. இறைச்சியையே கரைக்கும் இந்தச் சாறு இரைப்பையைக் கரைத்துவிடாதா என்ற கேள்வி எழும். உட்சுவர் முழுவதும் பூசியிருக்கும் கெட்டியான சளிப்படலம் அதைக் காக்கிறது. பெப்சினும் முதலில் செயலற்ற வடிவில்தான் சுரக்கிறது. அமிலத்தைத் தொட்ட பிறகே கூர்மை பெறுகிறது.

இரைப்பைக்குள் நடப்பதை மனிதர்கள் கண்ணால் பார்த்த கதை வியப்பானது. 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். காயம் ஆறியபோதும் இரைப்பைக்குள் போகும் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. பியூமான்ட் பட்டு நூலில் இறைச்சியையும் ரொட்டியையும் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். இருநூறுக்கு மேற்பட்ட சோதனைகளை 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பை உணவை வெறுமனே கசக்குவதில்லை, அதன் சாறு உணவை வேதியியல் முறையில் கரைக்கிறது என்பது அப்போது உறுதியானது. கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்பதையும் அவர் குறித்துவைத்தார். சாப்பாட்டு நேரத்தில் குழந்தையைத் திட்டக் கூடாது என்பதற்கு அன்றே கிடைத்த சான்று அது.

சோறும் முட்டையும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை இங்கே பிசையப்பட்டுக் கூழாகின்றன. கொழுப்பு மிகுந்த உணவு இன்னும் நேரம் எடுக்கும். நெய்யும் முந்திரியும் சேர்ந்த பொங்கல் நெடுநேரம் பசி தாங்குவதற்கு இது ஒரு காரணம். இரைப்பை காலியான பிறகும் சும்மா இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பலத்த அலை எழுந்து, மிச்சம் மீதியைக் கூட்டிப் பெருக்கிக் குடலுக்குத் தள்ளுகிறது. பசித்த வயிறு கடமுட என்று சத்தம் போடுவது அந்தத் துப்புரவு வேலையின் ஓசை.

சிறுகுடல்

கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. பெயரில்தான் சிறுமை, நீளத்தில் இதுவே பெரிது, ஏறத்தாழ 6 மீட்டர். அகலம் குறைவு என்பதால் இந்தப் பெயர். அதன் தொடக்கப் பகுதியில் இரண்டு உறுப்புகளின் சாறுகள் வந்து சேர்கின்றன.

ஒன்று கணையம். அதன் சாறு முதலில் இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தைத் தணிக்கிறது. பிறகு அதிலுள்ள நொதிகள் மூன்று வகை உணவையும் ஒரே நேரத்தில் வெட்டுகின்றன. வாயில் பாதியில் நின்ற மாவுச்சத்தின் வேலையை அமைலேஸ் தொடர்கிறது. பெப்சின் வெட்டிய புரதத் துண்டுகளை டிரிப்சின் மேலும் நறுக்குகிறது. கொழுப்பை லைப்பேஸ் உடைக்கிறது.

மற்றொன்று கல்லீரல் சுரக்கும் பித்தநீர். பித்தப்பையில் சேமித்து வைக்கப்பட்டு, கொழுப்பு வரும்போது வெளியேறுகிறது. முந்திரியின் கொழுப்பு தண்ணீரில் கரையாது. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தட்டில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய் திரண்டு மிதக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டதும் அது சிறு சிறு துளிகளாகச் சிதறிக் கழுவிக்கொண்டு போகும். பித்தநீர் குடலுக்குள் அந்தச் சோப்பின் வேலையைச் செய்கிறது. துளிகள் சிறுத்தால்தான் லைப்பேஸ் அவற்றை எட்டி உடைக்க முடியும். மலத்தின் பழுப்பு நிறமும் பித்தநீரிலிருந்து வருவதே.

சுவரைத் தாண்டும் இடம்

முக்கியமான கட்டம் இதுதான். சிறுகுடலின் உட்சுவர் வழுவழுப்பான குழாய்போல் இருப்பதில்லை. குளித்துத் துவட்டும் பூத்துவாலையைத் தடவினால் சின்னச் சின்ன நூல் முனைகள் கையில் தட்டுப்படும். தட்டையான துணியைவிட அந்தத் துவாலை தண்ணீரை நன்றாக உறிஞ்சக் காரணம் அந்த முனைகள். சிறுகுடலின் சுவரிலும் ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவாகவோ இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு குடலுறிஞ்சியின் மேற்பரப்பிலும் இன்னும் நுண்ணிய முனைகள். இவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு வகுப்பறையின் தரையளவு, ஏறத்தாழ 30 சதுர மீட்டர் வரும்.

கடைசி வெட்டும் இந்தச் சுவரிலேயே விழுகிறது. சோறு குளுக்கோஸ் ஆகவும், முட்டை அமினோ அமிலங்களாகவும் மாறிச் சுவரைத் தாண்டி உள்ளே இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்களில் கலக்கின்றன. கொழுப்பு மட்டும் வேறு வழி பிடிக்கிறது. குடலுறிஞ்சியின் நடுவே ஓடும் நிணநீர்க் குழாயில் ஏறி, சுற்றிக்கொண்டு போய் இரத்தத்தில் சேர்கிறது.

குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் வந்ததைச் சரிபார்த்து, நச்சுப் பொருள்களைப் பிரித்து, மிகுதியான சர்க்கரையைச் சேமித்து வைத்துவிட்டு மீதியை அனுப்புகிறது. இரவு முழுவதும் சாப்பிடாமல் தூங்கும் குழந்தையின் உடம்பு தடையின்றி இயங்க இந்தச் சேமிப்பு உதவுகிறது.

பெருங்குடலும் மக்காச்சோளத் தோலும்

சுட்ட மக்காச்சோளம் தின்ற மறுநாள், மலத்தில் மஞ்சள் மணிகள் அப்படியே தெரிவதைப் பல குழந்தைகள் பார்த்திருப்பார்கள். மணி செரிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருந்த மாவு பெரும்பாலும் செரித்துவிட்டது; எஞ்சியது தோல். அந்தத் தோல் செல்லுலோஸ் போன்ற நாரால் ஆனது. அதை வெட்டும் நொதி மனித உடம்பில் இல்லை.

ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அந்த நொதி சொந்தமாக இல்லை. ஆனால் அவற்றின் நான்கு அறை இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து நாரை உடைத்துத் தருகின்றன. மாடு உட்கார்ந்து அசைபோடுவது அந்த வேலைக்குத் துணை. ஒரே வயலில் மணியை மனிதர் தின்ன, தட்டையை மாடு தின்ன முடிவது இந்த வேறுபாட்டால்.

மனிதருக்கும் நார் வீண் அல்ல. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில் நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. ஒரு மனித உடம்பில் உள்ள நுண்ணுயிர்கள் சுமார் 38 இலட்சம் கோடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி இங்கேதான். நாரின் ஒரு பகுதியை அவை தின்று, குடல் சுவருக்கு ஊட்டம் தரும் பொருள்களை உண்டாக்குகின்றன. வைட்டமின் கே-யும் கொஞ்சம் செய்து தருகின்றன. மிச்ச நார் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. கீரையும் காயும் சிறுதானியமும் சாப்பிடச் சொல்வது இதற்காக.

பெருங்குடலின் மற்றொரு வேலை தண்ணீரை மீட்பது. ஒரு நாளில் குடிப்பதும் செரிமானச் சாறுகளாகச் சுரப்பதும் சேர்த்து ஏறத்தாழ 9 லிட்டர் நீர் இந்தக் குழாயில் இறங்குகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சியதைப் பெருங்குடல் எடுத்துக்கொள்கிறது. மலத்தோடு வெளியேறுவது ஒரு தம்ளர் அளவுகூட இல்லை. மலத்தை அடக்கி வைத்தால் பெருங்குடல் இன்னும் நீரை உறிஞ்சிக்கொண்டே போகும், மலம் கட்டிப்போகும். காலையில் சாப்பிட்டதும் வரும் உந்துதல் இயற்கையானது. அப்போது போய்விடுவதே நல்லது. பள்ளிக்கூடக் கழிப்பறை சுத்தமாக இல்லாததால் பிள்ளைகள் மாலைவரை அடக்கிக்கொண்டு இருப்பது செரிமானத்தைக் கெடுக்கும் பழக்கம். அதைச் சரிசெய்வது பெரியவர்களின் கடமை.

குழாய் பழுதாகும்போது

கெட்ட தண்ணீரோ கழுவாத கையோ கிருமியைக் கொண்டுவந்தால் குடல் நீரை உறிஞ்சுவதற்கு மாறாக வெளியே கொட்டத் தொடங்கும். அதுவே வயிற்றுப்போக்கு. அந்த நேரத்திலும் சிறுகுடலின் சுவரில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும் கதவு அது. அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பான்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்தது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கண்ணளவில் கலக்கக் கூடாது.

இன்னொரு கேடு குடற்புழு. மண்ணில் கிடக்கும் புழு முட்டைகள் அழுக்குக் கையோடு வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறிவிடும். குடலில் தங்கிய புழு, குழந்தைக்குச் சேர வேண்டிய சத்தையும் இரத்தத்தையும் பறிக்கிறது. சத்துணவில் முட்டை கொடுத்தும் பிள்ளை சோகை பிடித்து நிற்க இது ஒரு காரணமாகலாம். அதனால்தான் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். சாப்பிடும் முன்பும் கழிப்பறைக்குப் போய்வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், வெளியே செருப்புப் போட்டு நடப்பதும் அந்த மாத்திரைக்கு நிகரான காவல்.

வாயில் ஒரு நிமிடம், இரைப்பையில் சில மணி நேரம், சிறுகுடலில் இன்னும் சில மணி நேரம், பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ எனப் பயணம் முடிகிறது. மதியம் உண்ட முட்டை அதற்குள் குழந்தையின் தசையிலும் தோலிலும் சேரத் தொடங்கியிருக்கும். குடலுறிஞ்சிகளை மூடியிருக்கும் செல்களும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, உண்ட உணவிலிருந்தே புதிதாக உருவாகின்றன. திங்கட்கிழமை மென்று தின்ற சோறும் முட்டையும், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை உள்ளே விடும் சுவராக மாறியிருக்கும்.